மாமாவின் தூசி

என் மாமனார் ஒரு நட்சத்திரம். பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது; நடுத்தரம். மஞ்சள் நிறம். பெயர் முனிரத்தினம். வேலூர் சத்துவாச்சாரியில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், எங்கள் ஹாலில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவர் இருந்தார். வேலூரில் வெயிலைப் பற்றி யாரும் தனியாகக் குறை சொல்வதில்லை. அதனால் வீட்டுக்குள் ஒரு நட்சத்திரம் இருப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இல்லை. என்னைப் பெண் கேட்டு வந்தபோதே தரகர் சொல்லிவிட்டார். "பையனோட அப்பா நட்சத்திரம். ஒழுங்கா எரியறவர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது." அது போதும் என்றார் என் அப்பா.

நட்சத்திரம் இருக்கிற வீட்டில் எல்லாம் அவரைச் சுற்றித்தான். கட்டிலுக்கு மிக அருகில் சுற்றியது அவருடைய ரேடியோ. அடுத்தது சமையலறை. காலையில் அது கிழக்குப் பக்கம் இருக்கும். சாயங்காலம் மேற்கே போயிருக்கும். மூன்றாவதாக நானும் எங்கள் படுக்கையறையும். அதற்கு அப்பால் என் கணவர் எத்திராஜ். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை; அவருடைய வட்டம் அதுவரைக்கும் போகும். எல்லோரையும்விட வெகு தொலைவில், பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் பேபியக்கா. அவர் வருஷத்தில் ஒருமுறை, பொங்கலை ஒட்டி அருகில் வந்து திரும்பிப் போவார்.

என் வட்டம் சிறியது. ரேஷன் கடை வரைக்கும் போவேன். அங்கே கால் தானாகத் திரும்பிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் ராணிப்பேட்டையில்தான் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தேன். கையில் வேகம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகும் போகலாம் என்று நினைத்து ஒருநாள் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ரேஷன் கடை திருப்பத்தில் கால் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. "போய்ட்டு வாம்மா" என்றுதான் மாமா சொன்னார். அவருடைய கனம் அப்படி. டிபன் பாக்ஸைத் திறந்து அவர் கட்டிலருகிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்குப் பிறகு முயற்சி செய்யவில்லை.

ஓர் ஆடி மாதத்தில் மாமா சிவக்கத் தொடங்கினார். முதலில் எனக்குத் தெரியவில்லை. துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளை வேட்டி ஆரஞ்சாகத் தெரிந்ததால் சோப்பை மாற்றினேன். பிறகு சுவர் சிவந்தது. சோற்றுத் தட்டு சிவந்தது. என் கணவர் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் குருநாதனை அழைத்துவந்தார். அவர் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே மாமாவைப் பார்த்தார்.

"ஹைட்ரஜன் தீர்ந்துபோச்சு" என்றார். "இப்ப உள்ள ஹீலியம் எரியுது. அதுவும் முடிஞ்சா வேற ஒண்ணும் இல்ல."

"டானிக் ஏதாவது எழுதித் தர்றீங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"இதுக்கு டானிக் கிடையாதுங்க. இனிமே பெருப்பாரு. அப்புறம் இருமுவாரு. இருமினா தூசி வரும், புகை மாதிரி வாயு வரும். அதை மட்டும் நிறுத்தாதீங்க."

மாமா கட்டிலிலிருந்து, "வெடிப்பேனா டாக்டர்?" என்று கேட்டார்.

"வெடிக்கறதுக்கு உங்க கனம் பத்தாதுங்க ஐயா."

மாமா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

காட்பாடியில் அதற்கு முந்தைய வருஷம்தான் ஒருவர் வெடித்திருந்தார். பெரிய கனம், நீல நிறம், வாழ்ந்த நாள் குறைவு. வெடித்தபோது எங்கள் மாடியிலிருந்தே தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மாமாவைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அந்தக் காட்பாடிக்காரரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

இருமல் ஆவணியில் ஆரம்பித்தது.

மாமா இருமினால் முதலில் வயிற்றுக்குள் எங்கோ ஒரு குலுக்கல் தெரியும். பிறகு உடம்பு முழுவதும் ஒருமுறை உப்பி அடங்கும். அடங்கும்போது தூசி வரும். கண் மை மாதிரி கறுப்பாக, நைஸாக இருக்கும். சில நாள் அதில் மணல் போன்ற மினுமினுப்பு கலந்திருக்கும். நான் விளக்குமாறோடு நிற்பேன். பெருக்கி முடிப்பதற்குள் அடுத்த இருமல் வந்துவிடும். படுக்கை விரிப்பில், சாமி படத்தில், தோசை மாவில், என் காதுக்குள், எல்லா இடத்திலும் மாமா இருந்தார். குளித்துவிட்டு வந்தால் குளித்த தண்ணீர் கறுப்பாக ஓடும். தலை துவட்டினால் துண்டு கறுக்கும். தோள்பட்டை இரண்டும் கழன்றுபோன மாதிரி வலித்தது. நின்றுகொண்டே தூங்கப் பழகினேன்.

"உனக்கு ரொம்பக் கஷ்டம்" என்பார் மாமா.

"பரவால்ல மாமா" என்பேன். இரண்டு பேரும் அதைத் தினமும் சொல்லிக்கொண்டோம். வேறு பேச்சுக்கு இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

அள்ளிய தூசியை எங்கே போடுவது என்பது ஒரு பிரச்சினையாக இருந்தது. காலையில் குப்பை வண்டியோடு வரும் பெண்கள் முதல் நாள் வாளியை எட்டிப் பார்த்தார்கள். மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று கேட்டார்கள். என் மாமனார் என்றேன். இரண்டிலும் சேராது, எடுக்க முடியாது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டரிடம் கேட்டேன்.

"வீணாப் போற பொருள் இல்லம்மா அது. கார்பன், நைட்ரஜன், இன்னும் என்னென்னமோ. அவ்வளவு வருஷம் உள்ள வச்சு சமைச்சது. காத்துல விட்டுடுங்க. அடுத்து வர்றதுக்கு வேணும்."

அன்றிலிருந்து வாளியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றில் கொட்டினேன். காற்று அதை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் மலைப்பக்கம் போகும், கொஞ்சம் நெடுஞ்சாலை லாரிகளின் மேல் உட்கார்ந்து வெளியூர் போகும். மீதி மேலே, மேலே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் ஆகும். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரம் இருக்காது. கீழே அடுத்த இருமல் கேட்கும்.

மாடியில் ஒருநாள் ஷம்ஷாத் நின்றிருந்தாள். எங்களுக்குக் கீழே இரண்டாம் மாடி வீடு. கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டாகி, அப்போது ஐந்தாம் மாசம். இன்னும் விடாத மசக்கையில் அவளுக்குச் சாம்பல் ருசி கேட்டது. அடுப்புச் சாம்பலுக்கு இந்தக் காலத்தில் எங்கே போவது?

"கோமளாக்கா, உங்க மாமா தூசி ஒரு கை குடுங்களேன்" என்றாள்.

கொடுத்தேன். நக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "வெதுவெதுன்னு இருக்குதுக்கா" என்றாள். அதிலிருந்து தினமும் நான் வாளியோடு ஏறும் நேரத்துக்கு அவளும் ஏறிவருவாள். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் படிந்ததைக்கூட விரலால் தொட்டு எடுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் மாமா பெருத்துக்கொண்டே இருந்தார். முதலில் ரேடியோ அவருக்குள் போயிற்று. உள்ளேயிருந்து கொஞ்ச நாள் செய்தி வாசித்தது, பிறகு நின்றுவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம், மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை போயிற்று. நான் கொத்தமல்லி எடுக்க வெளியே வந்திருந்தேன். அதற்குப் பிறகு படுக்கையறையில் மின்சார அடுப்பை வைத்துச் சமைத்தேன். மூன்றாவது நாங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் ஒருநாள் படியிறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். "அவரு பெருக்கப் பெருக்க உங்க பக்கம் வருவாரு. ஆனா இருமி இருமிக் கனம் குறையக் குறைய, உங்கமேல இருக்கற பிடி தளரும். நீங்க தள்ளித் தள்ளிப் போவீங்க. எது முந்தும்னு சொல்ல முடியாது."

அந்த வாரத்தில்தான் ரேஷன் கடையைத் தாண்டினேன். சர்க்கரை வாங்கிக்கொண்டு திரும்ப நினைத்தால் கால் திரும்பவில்லை. நேராகப் போயிற்று. மருந்துக்கடை, டைலர் கடை, அதற்கு அப்பால் நான் பார்த்தே இராத ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. அங்கே போய் நின்றது. ஜூஸ் கடைக்காரர், "இஞ்சி போடட்டுமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். குடித்து முடித்த பிறகு கால் திரும்பியது.

கார்த்திகையில் பேபியக்கா வந்தார். அவர் வரவேண்டிய காலம் அதுவல்ல. அவருடைய வட்டத்தை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹாலுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். கட்டில் தெரியவில்லை. ஜன்னல் தெரியவில்லை. ஹால் முழுவதும் சிவப்பாக அவர் அப்பா இருந்தார்.

"நைனா" என்றார்.

"வா பேபி. சாப்ட்டியா?" என்றார் மாமா. இருமினார். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

பேபியக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பெருக்கி, முறத்தில் அள்ளி, வாளியில் போட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பின்னாலேயே வந்தார். மாடியில் நான் வாளியைக் கவிழ்க்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி பண்ற கோமளா? ஊர் உலகத்துல எல்லாரும் பெத்தவங்கள வச்சிப் பாத்துக்கறாங்க. நீ எங்க நைனாவைப் பெருக்கிப் பெருக்கி மாடியில கொட்ற."

"ஆமாக்கா" என்றேன். அது உண்மைதான்.

அப்போது ஷம்ஷாத் ஏறிவந்து, வழக்கம்போலக் கையை நீட்டினாள். பேபியக்காவுக்கு அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "இவ தின்றாளா?" என்று கேட்டார். "எங்கப்பாவையா?"

"வயித்துல இருக்கறது கேக்குதுங்கக்கா" என்றாள் ஷம்ஷாத்.

பேபியக்கா கீழே போய்ப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். இருமலை நிறுத்துகிற சிரப். பெங்களூரில் யாரோ நட்சத்திரங்களுக்கென்றே காய்ச்சுகிறார்களாம். பச்சை நிறம். டாக்டர் நிறுத்தக் கூடாது என்று சொன்னதை நான் சொன்னேன். "அவருக்கு இன்னா, அவர் அப்பாவா?" என்றார் பேபியக்கா. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா பேச்சுக்கு அவர் எதிர்ப் பேச்சுப் பேசியதில்லை. மாமா குழந்தைபோல வாயைத் திறந்து குடித்தார்.

இருமல் நின்றது. வீடு சுத்தமாயிற்று. சாமி படங்களில் இருந்தவர்களின் முகம் தெரிந்தது. நான் ஒரு முழுப் பகலும் தூங்கினேன். விழித்தபோது, பேபியக்கா பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிப் போனவர், பெட்டியோடு திரும்பி வந்திருந்தார்.

"காட்பாடி ஸ்டேஷன்ல, வண்டி வந்து நிக்குது, ஏறப் போறேன், கால் திரும்பிடுச்சு" என்றார்.

மறுநாளும் போனார். அன்றைக்கு ஸ்டேஷன் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. அடுத்த நாள் ரேஷன் கடை. தூசி வெளியே போகாததால் மாமாவின் கனம் அப்படியே இருந்தது. உள்ளே சமைவது நிற்கவில்லை. அவர் கிட்டே வந்தவர்கள் யாரும் வெளியே போக முடியவில்லை. பேபியக்காவின் வட்டம் என் வட்டத்துக்கும் உள்ளே வந்துவிட்டது. இரண்டு பேரும் திருப்பங்களில் முட்டிக்கொண்டோம். பெங்களூரிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் போன் செய்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார். பேபியக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டே சுற்றி வந்தார்.

மாமா படுக்கையறை நிலைவாசலுக்கு வந்துவிட்டார். கதவின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தாழ்ப்பாளைத் தொட முடியவில்லை. நானும் பேபியக்காவும் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். என் கணவரால் வேலையிலிருந்து திரும்பி உள்ளே வர முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, மழைநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பேபி" என்றார் மாமா. அவர் குரல் நிலைவாசல் முழுவதிலுமிருந்து வந்தது. "நெஞ்சை அடைக்குதும்மா. முதுகைத் தட்டு."

"தட்டுனா இருமுவ நைனா. இருமுனா கரைஞ்சு போயிடுவ."

"உள்ள எவ்ளோதான் வச்சிக்கறது? வலிக்குது."

பேபியக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பேச அலுப்பாக இருந்தது. அழவும் அலுப்பாக இருந்தது. அவருடைய கையில் சிரப் பாட்டில் இருந்தது. அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"தட்டுங்கக்கா" என்றேன். "இந்தப் பக்கம் நான் தட்றேன்."

ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தோம். மாமாவின் முதுகு எது என்று கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்தது. தட்டினோம். முதலில் ஒன்றும் வரவில்லை. பேபியக்கா கொஞ்சம் பலமாகத் தட்டினார். "நைனா, விடு நைனா" என்றார். அப்போது மாமா இருமினார். அன்றைய பொழுது சாயும்வரை இருமினார். அத்தனை நாள் அடைத்துவைத்ததெல்லாம் வந்தது. ஜன்னல் கதவுகள் திறந்துகொண்டன. எங்கள் இரண்டு பேரையும் அடையாளம் தெரியவில்லை. கறுப்பு முகத்தில் பேபியக்காவின் கண்ணிலிருந்து இரண்டு கோடு இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே என் கணவர் தும்மினார்.

அடுத்த நாள் பேபியக்கா ஊருக்குப் போனார். கால் திரும்பவில்லை. கிளம்பும்போது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். முடி முழுவதும் தூசி.

"வேணாம். அங்க போய் அலசிக்கறேன்" என்றார். "அந்த ஊர்லயும் கொஞ்சம் இருக்கட்டும்." வாசலில் நின்று, ஷம்ஷாத்தைக் கூப்பிட்டு, "நல்லாச் சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் விலக ஆரம்பித்தது. முதலில் படுக்கையறை. அது நிலைவாசலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, வீட்டுக்கு வெளியே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. ஹாலுக்கும் அதற்கும் நடுவே ஒரு நடை உண்டாயிற்று. அந்த நடை நாளுக்கு நாள் நீண்டது. என் கணவரின் தொழிற்சாலை ராணிப்பேட்டையிலிருந்து வாலாஜாவுக்கும், அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கும் போயிற்று. "இன்னிக்கு வர முடியல கோமளா, வட்டம் பெருசாயிடுச்சு" என்று போன் செய்வார். பேபியக்காவின் வீடு பெங்களூரிலிருந்து தும்கூர் போய், சித்ரதுர்காவும் தாண்டிவிட்டது. அங்கே பேசுகிற கன்னடம் வேறுமாதிரி இருக்கிறது என்றார்.

நான் ராணிப்பேட்டைக்குப் போனேன். ரேஷன் கடை, கரும்பு ஜூஸ் வண்டி, பஸ் ஸ்டாப் எல்லாம் தாண்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். ஷூ கம்பெனியில் என் மெஷின் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதில் பாதி தைத்த ஒரு மேல்பாகம்கூட இருந்தது. சூப்பர்வைசர், "வந்துட்டியா, அந்த ஜோடியை முடிச்சிடு" என்றார். முடித்தேன். பிறகு மெஷின் மேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

முன்பெல்லாம் போவதுதான் முடியாது. திரும்புவது தானாக நடந்துவிடும். இப்போது போவது எளிதாக இருந்தது. திரும்பும்போது ஒவ்வோர் அடியையும் நானே எடுத்துவைக்க வேண்டியிருந்தது. சத்துவாச்சாரியில் பஸ்ஸைவிட்டு இறங்கிப் பலமுறை அப்படியே நின்றிருக்கிறேன். எதுவும் என்னை இழுக்கவில்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடப்பேன். படி ஏறி, அந்த நீண்ட நடையைக் கடந்து ஹாலுக்குப் போவதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும்.

"ஏம்மா வந்த?" என்று ஒருநாள் மாமா கேட்டார். அவர் மெலிந்திருந்தார். கொசுவலைபோல, அவருக்கு அந்தப் பக்கம் இருந்த சுவர் தெரிந்தது. "நான் இழுக்கலியே."

"டீ போடணும் மாமா."

"பால் இருக்குதா?"

"இருக்குது."

"அப்பச் சரி" என்றார்.

தை பிறந்த சமயத்தில் ஷம்ஷாத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் அழுவதற்கு முன்னால் ஒருமுறை இருமியதாகச் சொன்னாள். மாமாவிடம் எடுத்துவந்து காட்டினாள். மாமா வெகுநேரம் பார்த்தார். "கண்ணு மை ரொம்ப எடுப்பா இருக்குது" என்றார். "நாங்க மையே வைக்கலீங்க" என்றாள் ஷம்ஷாத். குழந்தை தூங்கிவிட்டது.

மாசியில் ஒரு மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் சொல்லிவிடு என்றார். என் கணவர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தார். இழுவிசை இல்லாத இடத்தில் வந்துசேர்வது எவ்வளவு கஷ்டம் என்று அவரும் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்; படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பேபியக்காவால் வர முடியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தோம்.

"நைனா" என்றது போன்.

"இருக்கேன் பேபி" என்றார் மாமா. அப்புறம், "ரொம்பக் களைப்பா இருக்குது" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தத் தடவை இருமல் வரவில்லை. ஒரு பெருமூச்சுத்தான். மாமாவின் மேல்பகுதி முழுவதும், ஈரத் துணியைக் கொடியிலிருந்து எடுப்பதுபோல, மெதுவாகக் கழன்று எழும்பியது. உள்ளே ரோஜா நிறம், ஓரத்தில் பச்சை. அது எங்கள் வழியாகவும் கடந்து போயிற்று. வெதுவெதுப்பாக இருந்தது. என் கணவர் அதைக் கையால் பிடிக்கப் பார்த்தார். சுவர் வழியாக, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போய், குடியிருப்பின் மேல் பெரிய வளையமாக நின்றது. மாடியில் வற்றல் காயப்போட்டிருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அன்றைக்குச் சத்துவாச்சாரியில் காய்ந்த வேட்டி சேலையெல்லாம் இலேசாகப் பச்சையாக இருந்தன. வளையம் அகன்று அகன்று, மலையைத் தாண்டி, வானம் பூராவும் மெலிந்து, பங்குனிக்குள் போய்விட்டது. காட்பாடிக்காரருக்குப் போல போஸ்டர் யாரும் ஒட்டவில்லை.

கட்டிலில் மிச்சம் இருந்தது ஓர் எலுமிச்சம்பழ அளவுதான். வெள்ளை வெளேரென்று, கண் கூசும்படி இருந்தது. நானும் என் கணவரும் சேர்ந்து தூக்கப் பார்த்தோம். முடியவில்லை. நான்கு பேர் வந்தார்கள், அசையவில்லை. கட்டில் முறிந்தது. பிறகு தரையும் அவரைத் தாங்காமல் இறங்கியது. ஷம்ஷாத் வீட்டில் சில நாள் இருந்தார். அவள் குழந்தையின் துணிகளை அவர் பக்கத்தில் காயவைத்தாள். அப்புறம் முதல் மாடி. அந்த வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியாகக் கீழே மோட்டார் அறையில் போய் நின்றார். அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் குழாயில் வெந்நீர் வருகிறது.

காரியம் எப்போது வைப்பது என்று என் கணவர் ஐயரிடம் கேட்டார். சூடு ஆறாமல் காரியம் செய்யக் கூடாது என்றார் ஐயர். ஆறுவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று டாக்டரிடம் கேட்டோம். டாக்டர் யோசித்தார். "பூமி இருக்கறவரைக்கும் ஆறாது" என்றார். அதனால் பத்திரிகை அடிக்கவில்லை.

ஆனாலும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் வேலையிலிருந்து திரும்பி வந்து, யாராவது வந்திருந்தால் டீ போட்டுக் கொடுத்து, மாமா எப்படிப் போனார் என்று முதலிலிருந்து சொல்வேன். வைகாசிக்கு மேல் வருகை குறைந்தது. ஆனி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு மத்தியானம் படுத்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்த் திறந்தேன்.

பாலாறு நின்றுகொண்டிருந்தது. மூன்று மாடி ஏறிவந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது. படி முழுவதும் மணல், ஒரு சொட்டு ஈரமில்லை.

"இப்பத்தான் கேள்விப்பட்டேன்" என்றது. "உள்ள வரலாமா?"

வாங்க என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தது. மாமாவின் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டது.

குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, டம்ளரை மறுபடியும் நீட்டியது.